காஜி நீர்மூழ்கி, விசாகப்பட்டினம் 1971: எது முதலில் வெடித்தது?

நகரி_வாசகன்

வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளுக்கு எங்க ஊர் படிப்பகத்துல ஒரு தகவல் பலகை வைக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், இன்னொரு பக்கம் தெலுங்கு. 1971 இந்தியா-பாகிஸ்தான் போர்ல நடந்த கராச்சித் தாக்குதல் பத்தி எழுதறதுல சிக்கல் இல்ல. ஆந்திரக் கடல்லயே நடந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி விஷயத்துலதான் மாட்டிக்கிட்டோம். தெலுங்குல எழுதிக் கொடுத்தவர் "இந்தியப் போர்க்கப்பல் ராஜ்புத் குண்டு போட்டு மூழ்கடித்தது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். தமிழ்ல எழுதினவர் "தானே வச்ச கண்ணிவெடியில தானே மாட்டி வெடிச்சது"ன்னு எழுதியிருக்கார். ரெண்டு பக்கமும் ரெண்டு கதை சொன்னா பிள்ளைங்க கேப்பாங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க:
எந்த ராத்திரி மூழ்கினது என்பதுலயே சந்தேகம் இருக்காமே, உண்மையா?
டெப்த் சார்ஜ் (தண்ணிக்கடியில வெடிக்கிற குண்டு) ரெண்டே ரெண்டு போட்டு ஒரு நீர்மூழ்கியை முடிக்க முடியுமா?
பேட்டரி ஹைட்ரஜன் வெடிச்சதுன்னு சிலர் சொல்றாங்களே, அது நடக்கக்கூடியதா?
ரெண்டு பக்கத் தளபதிகளும் எடுத்த முடிவுகள்ல பதில் இல்லாம நிக்கிறது எது?

காளஹஸ்தி_மேற்கு

நல்ல கேள்விகள் தம்பி. "யார் மூழ்கடித்தது" என்று ஆரம்பிப்பதால்தான் ஐம்பது வருஷமாக இந்தப் பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது. எப்போது வெடித்தது, எது தூண்டியது, எது உடலைக் கிழித்தது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சான்று தனித்தனி.

சர்ச்சை இல்லாதவை முதலில். காஜி அமெரிக்காவில் 'டயாப்லோ' என்ற பெயரில் 1944ல் கடலில் இறக்கப்பட்ட டெஞ்ச் வகை நீர்மூழ்கி. 1964ல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக வந்தது. 1971 நவம்பர் 14ல் கராச்சியை விட்டுக் கிளம்பியது. தளபதி கமாண்டர் ஜாஃபர் முகமது கான், உள்ளே தொண்ணூறுக்கும் மேற்பட்டோர். குறி நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். கூடவே விசாகப்பட்டினத்து வாயிலில் கண்ணி விதைக்கும் வேலை. கிழக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, அது இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைத்தார். பழைய டிஸ்ட்ராயர் ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி வானொலிச் செய்தி அனுப்ப வைத்தது அந்த ஏற்பாட்டில் ஒன்று.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத், லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில், விசாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பியது. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட்டை இறக்கிவிட்ட பிறகு தண்ணீர் கலங்குவதைக் கண்டு, வேகமெடுத்து 2 டெப்த் சார்ஜ் போட்டது. தேடியும் எதுவும் தென்படாததால் தன் வழியில் போய்விட்டது. நள்ளிரவு 12:15 வாக்கில் ஊர் முழுக்கக் கேட்கிற அளவுக்கு வெடிச்சத்தம், கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு மீனவர்கள் உயிர்காப்பு உடையும் சிதைந்த பொருட்களும் கொண்டுவந்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கி, கிடப்பது காஜி என்று உறுதி செய்தார்கள். டிசம்பர் 9ல் இந்தியா அறிவித்தது.

தேதிச் சந்தேகத்துக்கு வருகிறேன். அப்போது கிழக்குப் பிராந்திய ராணுவத்தில் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆக இருந்த ஜேக்கப், பிற்காலத்தில் எழுதியது இது: கிருஷ்ணன் டிசம்பர் 3ல் தொலைபேசியில் கூப்பிட்டு, துறைமுக வாயிலருகே நீர்மூழ்கிச் சிதைவு மீனவர்களுக்குக் கிடைத்ததாகச் சொன்னார்; மறுநாள் மறுபடி கூப்பிட்டு, டெல்லிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும் முதல் பேச்சை மறந்துவிடச் சொன்னார். இது சரியென்றால் காஜி டிசம்பர் 1 அல்லது 2லேயே வெடித்திருக்க வேண்டும். போர் தொடங்கியது 3ஆம் தேதி மாலை. ஆகவே ராஜ்புத்துக்கு இதில் பங்கே இருக்காது. இரண்டு மூத்த தளபதிகளின் வாக்கு நேருக்கு நேர் மோதும் இடம் இது. கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தில் காஜி தொடர்பான ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010ல் செய்தி வெளியானதால், காகிதத்தை வைத்து இதைத் தீர்க்கும் வழியும் அடைபட்டுப் போனது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. வென்ற தரப்பே தன் வெற்றியின் காகிதத்தைக் காப்பாற்றவில்லை.

சிதைவில் கிடைத்த கடிகாரம் 12:15ல் நின்றிருந்தது, அதுவே சான்று என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். இதைப் பலகையில் சேர்க்காதீர்கள். முள் கடிகாரத்தில் தேதி கிடையாது, 2ஆம் தேதி நள்ளிரவுக்கும் 12:15தான், 4ஆம் தேதிக்கும் 12:15தான். இன்னொன்று, அன்றைக்கு மேற்குப் பாகிஸ்தான் நேரம் நம்மைவிட அரை மணி பின்னே, கிழக்குப் பாகிஸ்தான் நேரம் அரை மணி முன்னே. நம் 12:15க்கு கராச்சி நேரம் வைத்த கடிகாரம் 11:45 காட்டும், டாக்கா நேரம் வைத்தது 12:45 காட்டும். உள்ளே எந்த நேரம் வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் அந்த முள் எதையும் நிரூபிக்காது.

அதைவிட உறுதியான பிடி ஊர்மக்கள் நினைவு. அன்று நள்ளிரவு தாண்டி இந்திரா காந்தி வானொலியில் பேசினார், நாடே விழித்திருந்தது. அந்தப் பேச்சையொட்டிக் கேட்ட சத்தம் என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தேதி தவறாது. இதை வைத்துத்தான் நான் 3-4 நள்ளிரவு பக்கம் சாய்கிறேன். ஆனாலும் ஊர் கேட்ட சத்தமும் காஜியின் சத்தமும் ஒன்றுதான் என்பதை அது தனியாக நிரூபிக்காது.

ஈயத்தட்டு

ஹைட்ரஜன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நடக்கக்கூடியதுதான். ஆனால் அது மட்டுமே காஜியின் முடிவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

டெஞ்ச் வகையில் ஈய-அமில பேட்டரி இரண்டு தொகுதி, தொகுதிக்கு 126 செல், மொத்தம் 252. முன் தொகுதி அதிகாரிகள் தங்கும் பகுதிக்குக் கீழே, பின் தொகுதி மாலுமிகள் தங்கும் பகுதிக்குக் கீழே. சார்ஜ் முடியும் கட்டத்தில் கொடுக்கிற மின்சாரம் சேமிப்பில் சேராமல் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். அப்போது ஒரு செல்லுக்கு ஒரு ஆம்பியர்-மணிக்கு சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். 100 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 252 செல்லுக்கும் சேர்த்து பத்தரை கனமீட்டர். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றும், அதாவது இந்தப் பத்தரை கனமீட்டர் சுமார் 260 கனமீட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக்கிவிடும். நீர்மூழ்கியின் ஒரு அறையே அந்த அளவுக்கு வராது. அதனால்தான் ஒவ்வொரு செல்லிலிருந்தும் குழாய் போட்டு, விசிறியால் உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே சார்ஜ் செய்வார்கள், 3 சதவீதத்தை எட்டும் முன்பே நிறுத்துவார்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். விசிறி நின்றிருக்கும், அல்லது காற்றோட்ட மீட்டர் பொய் காட்டும். சார்ஜ் பாதியில் இருக்கும்போதே அவசரமாக மூழ்க வேண்டி வந்து வெளிக்காற்று அடைபடும். சார்ஜை நிறுத்தினாலும் செல்லில் இருந்து கொஞ்ச நேரம் குமிழி வந்துகொண்டேதான் இருக்கும். மூன்றாவது, கப்பல் சாய்ந்தோ அடிபட்டோ செல் மூடி விரிசல் விட்டு, வாயு குழாய்க்குப் போகாமல் அறைக்குள் வரும். கராச்சியிலிருந்து சுற்றி வந்து 19 நாள் கடலில் இருந்த பழைய கப்பலில், எதிரி வாயிலில் இரவில் மட்டும் மேலே வந்து அவசர அவசரமாக சார்ஜ் செய்கிற கப்பலில், இந்த மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

அப்படியானால் ஏன் தயங்குகிறேன்? 1949 ஆகஸ்டில் நார்வே கடலில் அமெரிக்காவின் கொச்சினோ மூழ்கியது. இதே குடும்பத்துக் கப்பல், பின் பேட்டரியில் ஹைட்ரஜன் வெடித்தது. உடனே மூழ்கவில்லை. தீ, திரும்பத் திரும்ப வெடிப்பு என்று பல மணி நேரம் போராடினார்கள், மாலுமிகளைப் பக்கத்தில் வந்த இன்னொரு நீர்மூழ்கிக்கு மாற்றிய பிறகுதான் அது போனது. 2010ல் விசாகப்பட்டினத்திலேயே சிந்துரக்ஷக்கில் பேட்டரி ஹைட்ரஜனால் விபத்து, ஒரு மாலுமி இறந்தார், கப்பல் மிஞ்சியது. அதே சிந்துரக்ஷக் 2013 ஆகஸ்ட் 14ல் மும்பையில் முன்பகுதி ஆயுதங்கள் வெடித்தபோதுதான் துறையிலேயே மூழ்கி 18 பேர் இறந்தார்கள். ஹைட்ரஜன் ஆட்களைக் கொல்லும், தடுப்புச் சுவரைப் பிடுங்கும். ஊரையே எழுப்பும் சத்தத்தோடு ஒரேயடியாகக் கப்பலைக் கிழிக்க வேண்டுமென்றால் டார்பிடோவோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் வெடிகுண்டு) கண்ணியோ வெடித்தாக வேண்டும்.

காஜியில் முன் பேட்டரி அறைக்கு அடுத்த அறையே முன் டார்பிடோ அறை. ஹைட்ரஜன் தீ வைத்தது, வெடிமருந்து கிழித்தது என்ற வரிசை எனக்கு ஏற்கும்படி இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க மார்க் 14 டார்பிடோ ஒன்றின் தலையிலேயே 290 கிலோ அளவுக்கு டார்பெக்ஸ் வெடிமருந்து இருக்கும்.

நகரி_வாசகன்

ரொம்ப நன்றி சார். கணக்கோட சொன்னது உதவியா இருக்கு. அப்போ டெப்த் சார்ஜும் அந்தத் தீயைத் தூண்டியிருக்கலாமே? அப்புறம், சொந்தக் கண்ணியில மாட்டினதுன்னு சொல்றது பாகிஸ்தான் தரப்பு மட்டும்தானா?

தடா_நங்கூரம்

டெப்த் சார்ஜ் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் வகை என்று வைத்தால் ஒன்றில் 130 கிலோ வெடிமருந்து, தண்ணீரில் விநாடிக்கு 3 மீட்டர் இறங்கும். நீர்மூழ்கியின் உள்உடலைப் பிளக்க 6, 7 மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு 12 மீட்டர் வரை மேலே வரவைக்கும் அளவுக்குச் சேதம். அதற்கும் அப்பால் விளக்கு உடையும், வால்வு கசியும், ஆட்கள் விழுவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் வழக்கமாக ஐந்து, பத்து என்று ஒரு விரிப்பாகப் போடுவார்கள். இரண்டே இரண்டு, அதுவும் ஒலியால் தேடும் சோனார் கருவியில் பிடித்துக் கணக்குப் போடாமல், கண்ணால் கண்ட கலங்கலை நம்பிப் போட்டது நேராகக் கொல்வது அரிது. முடியாது என்று சொல்லமாட்டேன்.

ஆழம் குறைந்த இடத்தில் போடுகிறவருக்கும் ஆபத்து. 15 மீட்டரில் வெடிக்கும்படி வைத்தால் வெடிக்க 5 விநாடி. 18 நாட் வேகத்தில் கப்பல் அதற்குள் 46 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். இந்தர் சிங் முதலில் வேகம் கூட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். குறுகலான துறைமுகக் கப்பல் வாய்க்காலில், இரவில், பழைய கப்பலை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. துணிச்சல் குறித்து எனக்குச் சந்தேகமே இல்லை.

சான்றைப் பார்க்கும்போது என்னை உறுத்துவது இடைவெளி. ராஜ்புத் குண்டு போட்டதற்கும் ஊர் கேட்ட பெரிய சத்தத்துக்கும் நடுவே சில நிமிடங்கள் என்று இந்தியத் தரப்பே சொல்கிறது. டெப்த் சார்ஜின் அதிர்ச்சி நேராக டார்பிடோத் தலையை வெடிக்க வைத்தால் அது அந்தக் கணமே நடக்கும், நிமிடக்கணக்கில் காத்திருக்காது. இடைவெளி இருந்தால் நடுவில் தீ இருக்க வேண்டும், அல்லது தப்பிக்க மூழ்கிய கப்பல் தரையில் மூக்கு மோதியிருக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் தொடர்பே இல்லை. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் முதல் வெடிப்புக்கும் இரண்டாவதற்கும் 135 விநாடி இடைவெளி. முதல் டார்பிடோவின் தீயில் மற்றவை சூடேறி வெடித்தன. நிலநடுக்கமானிகள் இரண்டையும் பதிவு செய்தன. காஜிக்கும் அப்படி ஒரு நேரப் பதிவு இருந்தால் பாதிக் கேள்வி தீரும். ஆனால் இது குர்ஸ்க்கைவிட மிகச் சிறிய வெடிப்பு. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஹைதராபாத்தில் அந்தக் காலக் கருவியில் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

சொந்தக் கண்ணி பற்றி: பாகிஸ்தான் தரப்பு பெரும்பாலும் அதைச் சொல்கிறது, இந்தியர் சிலரும் ஏற்கிறார்கள். நீர்மூழ்கி கண்ணியை டார்பிடோக் குழாய் வழியாகவே தள்ளும், ஒரு டார்பிடோ இடத்தில் இரண்டு கண்ணி அடங்கும். தள்ளிய உடனே உயிர் பெறாதபடி தாமத அமைப்பு இருக்கும், விதைத்தவர் விலகிப் போக அவகாசம். ஆகவே அப்போது போட்ட கண்ணியில் அப்போதே மாட்டுவது கடினம். முந்தின இரவு விதைத்த வரிசைக்குள் மறுநாள் திரும்பி வந்தால்தான் ஆபத்து. அதற்குத் தன் இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டும். கரையில் விளக்கு அணைந்திருந்தால் டால்ஃபின் நோஸ் மலையின் உருவத்தைப் பெரிஸ்கோப்பில் பார்த்துக் கோணம் எடுப்பதுதான் வழி. இரவில் அதில் சில நூறு மீட்டர் பிசகுவது சாதாரணம்.

ஆனால் கண்ணி வெளியே வெடித்தால் தகடு உள்ளே மடங்க வேண்டும். முக்குளித்தவர்கள் வழியாக வந்த செய்தி முன்பகுதித் தகடு வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறது என்பது. வெளியே ஒன்று வெடித்து உள்ளிருப்பதையும் தூண்டினால் பின்னால் வந்த பெரிய வெடிப்பு முதலாவதின் தடத்தை அழித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளியே விரிந்த தகடு "கடைசியாக உள்ளே வெடித்தது" என்று மட்டும்தான் சொல்லும். முதலில் எது என்று அது சொல்லாது.

பழவேற்காடு_வன்னி

மீனவர்கள் கண்டெடுத்தாங்கன்னு எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போறாங்க. அதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு.

டிசம்பர்ல நம்ம கரை முழுக்க வன்னி, அதாவது வடக்குல இருந்து தெக்கே இழுக்கிற நீரோட்டம். காத்தும் வாடைதான். ஒரு நாட் வேகம்னு வச்சாலும் மிதக்கிற சாமான் எட்டு மணி நேரத்துல எட்டு கடல்மைல் தெக்கே போயிடும். ராத்திரி 12:15க்கு வெடிச்சு, விடிஞ்சு வாய்க்கால் பக்கத்துலயே உயிர்காப்பு உடை கிடைச்சிருந்தா அது அப்பத்தான் கீழேருந்து மேல வந்திருக்கணும். ரெண்டு நாள் முந்தி வெடிச்சிருந்தா முதல்ல கிளம்பின சாமான் ரொம்பத் தெக்கே, எந்தக் குப்பத்துலயாவது ஒதுங்கியிருக்கணும். எண்ணெய் கதை வேற. உடைஞ்ச தொட்டியில இருந்து நாள்கணக்கா கசியும், அதனால எண்ணெய்ப் படலத்தை வச்சு தேதி சொல்ல முடியாது. யாரு, எந்த இடத்துல, எந்த நேரத்துல எதை எடுத்தாங்கன்னு அப்பவே எழுதி வச்சிருந்தா ஜேக்கப் சொன்னதையும் கிருஷ்ணன் சொன்னதையும் அதுல உரசிப் பார்த்திருக்கலாம். அந்த மீனவங்க பேரைக்கூட பெருசா யாரும் சொல்றதில்ல. உங்க பலகையில மீனவர்கள்ங்கிற வார்த்தையாவது விட்டுப் போகாம பாத்துக்குங்க தம்பி.

காளஹஸ்தி_மேற்கு

தளபதிகள் பற்றிய கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது.

ஜாஃபர் முகமது தரப்பில்: விக்ராந்த் கண்ணில் படாதபோது கண்ணி விதைக்கும் இரண்டாம் வேலையை, பெரிய கப்பல்கள் போகும் ஒரே வாய்க்கால் வாயில் வரை நெருங்கிச் செய்தது அவர் முடிவா, மேலிடக் கட்டளையா? ஆழம் குறைந்த அந்த இடத்தில் நீர்மூழ்கிக்கு ஓடி ஒளிய இடமே கிடையாது. அவரோடு இருந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை, அவரைக் குறை சொல்ல நமக்கு ஆதாரமும் இல்லை. இயந்திரம் பழையது என்று தெரிந்தும் அவ்வளவு தூரம் அனுப்பக் காரணம், பாகிஸ்தானிடம் வங்காள விரிகுடா வரை போய்த் தங்கும் தூரத்திறன் இருந்த நீர்மூழ்கி இது ஒன்றுதான். பிரான்சில் வாங்கிய டாஃப்னே வகைகள் சிறியவை.

கிருஷ்ணன் தரப்பில்: காஜி கிளம்பியதை அறிந்து, நீர்மூழ்கிக்கே உரிய ஒரு மசகு எண்ணெய் கேட்டுச் சிட்டகாங்குக்குப் போன செய்தியைப் பிடித்து, வலை விரித்தது அவருடைய திறமை. அதில் இரண்டு பேச்சில்லை. வெடித்த பிறகு ஐந்து நாள் காத்திருந்து 9ஆம் தேதி அறிவித்ததில், உறுதி செய்ய எடுத்த நாள் எத்தனை, பாகிஸ்தான் காஜியை உயிரோடு இருப்பதாக நம்பட்டும் என்று காத்த நாள் எத்தனை என்பது திறந்த கேள்வி. ராஜ்புத்தின் டெக் பதிவேடும் பைலட் இறங்கிய நேரம் எழுதிய துறைமுகப் பதிவேடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. துறைமுகம் கடற்படையிலிருந்து தனி நிர்வாகம், ஆவணமும் தனி. தேடுகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

பலகைக்கு என் பரிந்துரை, தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பொருள் வரும்படி:

"1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில், இந்தியக் கடற்படை அறிவிப்பின்படி, பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி விசாகப்பட்டினத் துறைமுக வாயிலருகே வெடித்து மூழ்கியது. தளபதி ஜாஃபர் முகமது கான் உட்பட உள்ளிருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தர் சிங் தலைமையிலான ராஜ்புத் அன்றிரவு அங்கே டெப்த் சார்ஜ் போட்டது. சிதைவை முதலில் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள். வெடித்ததற்கு டெப்த் சார்ஜ், சொந்தக் கண்ணி, பேட்டரி வாயு என மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன, எதுவும் முடிவாகவில்லை."

ஈயத்தட்டு

"பேட்டரி வாயு" என்பதைத் தொடர்ந்து "அதனால் உள்ளிருந்த ஆயுதம் வெடித்தது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி மட்டுமே கப்பலைப் பிளந்தது என்று ஆகிவிடும்.

நகரி_வாசகன்

சேர்த்துட்டேன் சார். தெலுங்குப் பக்கம் எழுதினவரும் படிச்சுட்டு ஒத்துக்கிட்டார். மீனவர் வரியை மேல கொண்டு வந்திருக்கோம். படத்துக்கு விசாகப்பட்டினம் கடற்கரையில நிக்கிற நீர்மூழ்கியைப் போடலாமா?

தடா_நங்கூரம்

வேண்டாம். அது நம்முடைய குர்சுரா, சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகை, 2001 வரை நம் கடற்படையில் இருந்துவிட்டு அருங்காட்சியகமானது. காஜி என்று தலைப்பிட்டு இணையத்தில் சுற்றும் படங்களில் குர்சுராவும் உண்டு, வேறு டெஞ்ச் வகைக் கப்பல்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படை எடுத்த டயாப்லோ படத்தைத் தேடுங்கள். கோபுரத்தில் 479 என்ற எண் தெரிகிற படமாகப் பார்த்து எடுங்கள். கீழே "காஜி, அமெரிக்கக் கடற்படையில் இருந்தபோது" என்று எழுதிவிடுங்கள்.